தூரத்துப் பந்தி – அத்தியாயம் 9: மலையேறிய கிழங்கு

(சென்ற வாரம்: 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போனது. இரண்டே மாதத்தில் சிங்கப்பூரும் விழுந்தது. அங்கிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி மூட்டைகள் நின்றுபோயின. பினாங்கில் ஜவ்வரிசித் தொழில் கற்ற ஒரு குஜராத்தி வியாபாரி, இப்போது கேரளத்தில்...)

1

1944ஆம் ஆண்டு. சேலம் கலெக்டரிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்வதும் ஸ்டார்ச் மாவு எடுப்பதும் இனி கூடாது.

உத்தரவு பிறந்த காலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் வங்காளப் பஞ்சம். மாண்டவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர். பர்மா அரிசி 1942லேயே நின்றுவிட்டது. சேலமோ பஞ்சத்தை மறக்கக்கூடிய மாவட்டம் அல்ல. 1876-78 தாது வருஷப் பஞ்சம் இந்த மண்ணை எப்படித் துடைத்துப்போட்டது என்பதை இத்தொடரின் மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்தோம். 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்தைத் தாண்டியிருந்த மாவட்ட மக்கள்தொகை, பத்தாண்டு கழித்து எண்ணியபோது 16 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

அப்படிப்பட்ட ஊரில், ஜனங்கள் வேகவைத்துச் சாப்பிட்டு உயிர்பிழைக்கக்கூடிய ஒரு கிழங்கை, யாரோ சிலர் அரைத்து, கரைத்து, உருட்டி, மூட்டை கட்டி வெளியூருக்கு அனுப்புகிறார்கள் என்றால் எந்த நிர்வாகம் சும்மா இருக்கும்? கிழங்கு வயிற்றுக்கா, வாணிபத்துக்கா? கலெக்டரின் உத்தரவுக்குள் இருந்தது இந்தக் கேள்விதான். எண்பது வருஷம் கழித்தும் கேள்வி தீர்ந்தபாடில்லை.

தடை விழுந்தபோது அந்தத் தொழிலுக்கு வயது ஒன்று. பிறந்த வருஷத்திலேயே மூச்சு நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

2

தொழிலைப் பெற்றெடுத்தவர்கள் இருவர். ஒருவர் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார். வியாபார வேலையாக அடிக்கடி கேரளம் போய்வந்தவர். இன்னொருவர் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா. மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி உருட்டும் வித்தை அவர் கையில் இருந்தது. இருவரும் சந்தித்தார்கள். 1943ல் சேலத்தில் உற்பத்தி தொடங்கியது.

மரவள்ளி நம் மண்ணில் பிறந்ததல்ல. தென்னமெரிக்கச் செடி. போர்த்துகீசியர் கப்பலில் மலபார் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை ஏழைகளின் உணவாகப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காதபோது மலையாள மக்களைக் காப்பாற்றியதும் அதுதான். அங்கே வயிற்றை நிரப்பிய கிழங்கு, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிச் சேலத்துக்கு வந்ததும் ஆலையின் கச்சாப்பொருளாக மாறியது. இது சின்ன மாற்றமல்ல. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த மாற்றத்தின் பின்விளைவுதான்.

ஆரம்பத்தில் எல்லாம் கைவேலை. கிழங்கைக் கழுவித் தோல் சீவி அரைக்க வேண்டும். அரைத்ததைத் தண்ணீர் விட்டுக் கரைத்துத் துணியில் வடிகட்டினால் பால் இறங்கும். பாலைத் தொட்டியில் தேக்கிவைத்தால் மாவு அடியில் படியும். அந்த ஈரமாவை உதிர்த்து, தூளிபோலக் கட்டிய துணியில் போட்டு, இரண்டு பக்கமும் ஆள் நின்று ஆட்டு ஆட்டு என்று ஆட்டினால் மாவு மணிமணியாக உருளும். சல்லடையில் சலித்து, சூடான தட்டில் வறுத்து, களத்தில் வெயிலில் காயப்போட வேண்டும். இத்தனை பாடுபட்டும் நாளைக்கு இரண்டு மூட்டை தேறினால் பெரிது.

இங்கேதான் மூன்றாவது மனிதர் வருகிறார். எம். வெங்கடாசலம் கவுண்டர், சேலத்து மெக்கானிக். எந்தப் பெரிய கல்லூரியின் உதவியும் இல்லாமல் அவர் அமைத்துக்கொடுத்த எந்திரங்களால் இரண்டு மூட்டை என்பது நாளொன்றுக்கு 25 மூட்டையானது. இந்தத் தொழிலின் வரலாற்றைச் சொல்பவர்கள் முதலாளிகளின் பெயரைச் சொல்லிவிட்டு மெக்கானிக்கின் பெயரைப் போகிறபோக்கில் உச்சரிப்பார்கள். என்னைக் கேட்டால் திருப்புமுனை அவர்தான். ஒரு விளைபொருளின் தலைவிதியை மாற்றுவது பெரும்பாலும் விதையும் அல்ல, விலையும் அல்ல. நடுவில் நிற்கும் எந்திரம்தான். யார் அதைச் செய்தார், யார் வாசலில் அது நின்றது என்பதை இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும்.

எந்திரம் ஓடத் தொடங்கிய நேரத்தில்தான் தடை வந்தது. உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடினார்கள். சிவில் சப்ளை கமிஷனர்வரை போய் முறையிட்டார்கள். தடை நீங்கியது. ஆலைகளில் மறுபடி கிழங்கு அரைபட்டது.

ஆனால் 1945ல் போர் முடிந்தது. கடல் திறந்தது. சிங்கப்பூரிலிருந்தும் மலாயாவிலிருந்தும் பழைய சரக்கு, பழைய விலையில் கப்பலேறத் தயாராக நின்றது. சேலத்துக் கைக்குழந்தை அந்தப் போட்டியைத் தாங்குமா?

3

தாங்கியது. தானாகத் தாங்கவில்லை, டெல்லி கை கொடுத்தது. சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் இறக்குமதித் தீர்வை என்னும் வேலிக்குள் வைத்து வளர்க்கப்பட்ட தொழில்களில் ஜவ்வரிசியும் ஒன்று. வேலிக்குள் அது செழித்தது. சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் என்று வரிசையாகச் சேகோ ஆலைகள் எழுந்தன. ஆலையைச் சுற்றி வெள்ளை வெளேரென்று களங்கள். கிழங்கின் சக்கையான திப்பி மாட்டுக்கும், பின்னாளில் நாமக்கல் கோழிப்பண்ணைத் தீவனத்துக்கும் போனது. எதுவும் வீணாகவில்லை.

சரி, இவ்வளவு ஜவ்வரிசியை யார் சாப்பிட்டார்கள்?

நாம் இல்லை. நமக்கு ஜவ்வரிசி என்றால் பாயசம், கோடையில் பிழியும் வடாம். அதோடு சரி. சேலத்து ஜவ்வரிசியின் பெரும்பகுதி மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், மேற்கு வங்கம் என்று லாரியேறிப் போனது. அங்கே ஏகாதசி, சிராவண மாதம், நவராத்திரி, மகாசிவராத்திரி விரதங்களில் அரிசியும் கோதுமையும் விலக்கு. சாபுதானா விலக்கல்ல. புனேயில் ஒரு வீட்டில் விரத நாளன்று வேர்க்கடலை போட்டுச் சாபுதானா கிச்சடி கிளறுகிறார்கள். அந்தக் கிச்சடிக்கான கிழங்கு பத்து மாதம் முன்பே ஆத்தூர்ப் பக்கம் மேட்டுக்காட்டில் குச்சியாக ஊன்றப்பட்டிருக்கிறது. அவர்கள் பஞ்சாங்கம் நம்மூர் உழவனின் பயிரைத் தீர்மானித்தது. அந்தப் பஞ்சாங்கத்தை இந்த உழவன் பார்த்ததே இல்லை.

அந்த மேட்டுக்காட்டில் அதற்குமுன் என்ன இருந்தது? கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, வரகு. வானம் பார்த்த செம்மண்ணில் வீட்டுக்குச் சோறும் மாட்டுக்குத் தட்டும் கொடுத்த பயிர்கள். குச்சிக்கிழங்கு அதே மண்ணில், அதே குறைந்த மழையில், கையில் காசு கொடுத்தது. முள்ளுவாடி, குங்குமரோஸ், வெள்ளைரோஸ், பர்மா என்று ரகங்களுக்கு உழவர்கள் பெயர் வைத்துக்கொண்டார்கள். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் எச்-226 வந்ததும் விளைச்சல் இன்னும் கூடியது. அந்தக் காசில் கிணறு வெட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டார்கள். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. வறட்சியில் வெந்த ஒரு நாட்டுக்குக் காசு என்பது சும்மா வந்த சொகுசல்ல.

ஆனால் கிழங்கு விற்கும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். லாரியில் கிழங்கு வந்து நிற்கிறது. விலையை எடை மட்டும் முடிவுசெய்வதில்லை. மாதிரிக்குக் கொஞ்சம் கிழங்கை எடுத்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்க்கிறார்கள். அதிலிருந்து மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று கணக்காகிறது. பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று அன்றைய விலை. 28 பாயிண்ட் கிழங்குக்கும் 24 பாயிண்ட் கிழங்குக்கும் இடையில் ஓர் உழவனின் ஒரு வருஷத்து லாபம் அடங்கியிருக்கிறது. தராசும் தொட்டியும் ஆலையின் உள்ளே இருக்கின்றன. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும். அதைத் திருப்பி வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகவும் முடியாது. ஆலைக்கென்று போட்ட ரகங்களில் பல கசப்பும் நஞ்சும் மிகுந்தவை. வேகவைத்துத் தின்னவும் ஆகாது.

ஆலைக்காரர்களுக்கும் அவர்கள் துன்பம் இருந்தது. வடநாட்டு வியாபாரிகள் விலையை அமுக்கினார்கள். கடன் வாங்கி ஆலை நடத்தியவர்கள் வந்த விலைக்குச் சரக்கைத் தள்ளிவிட்டார்கள். இதற்கு விடையாக 1981ல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. ஊரார் வாயில் சேகோசர்வ். உறுப்பினர்களின் மூட்டைகளைக் கிடங்கில் வைத்து, மாதிரி காட்டி, டெண்டர் மூலம் விற்றுக்கொடுத்தது. நல்ல ஏற்பாடு. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் உறுப்பினர் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் அது ஆலை வைத்திருப்பவர்களின் சங்கம் என்பது தெரியும். குச்சி ஊன்றியவர்கள் அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றார்கள். பாயிண்ட் விலை சரியும்போதெல்லாம் அவர்கள் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு போவது இன்றைக்கும் நடக்கிறது.

ஆலைகள் கூடக்கூடக் கிழங்குப் பசியும் கூடியது. சமவெளி மட்டும் போதவில்லை. சேந்தமங்கலத்திலிருந்து பார்த்தால் கிழக்கே கருநீலமாக எழுந்து நிற்கிறதே ஒரு மலை, கண் அதன்மேல் போனது.

4

கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் வல்வில் ஓரி ஆண்ட மண், அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை அருவி. வளப்பூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, தேவானூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து வாழும் மலையாளிப் பழங்குடிகள். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

பள்ளத்தில் நெல், சரிவில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. சாமையிலேயே எத்தனை! வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலாச்சாமை, மல்லியச்சாமை. ஒன்று சீக்கிரம் அறுவடைக்கு வரும், ஒன்று தாமதமாக வரும். ஒன்று மெலிந்த மண்ணுக்கு, ஒன்று கொழுத்த மண்ணுக்கு. மழை பிந்தினால் இது, முந்தினால் அது என்று வீட்டுப் பெண்களுக்குத்தான் கணக்குத் தெரியும். தானியம் தொம்பையில் இருக்கும். விதைக்கு வைத்தது தனியாக இருக்கும். சாமைக்கு ஓர் அருமையான குணம் உண்டு. உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது, புழு அண்டாது. ஒரு பஞ்சத்தைத் தாண்டிவர அதற்குமேல் ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும்?

அந்த உமிதான் சாபமும்.

சாமை கடுகளவு தானியம். அதன் உமி தானியத்தைவிட்டு எளிதில் பிரியாது. உரலில் போட்டு உலக்கையால் குத்த வேண்டும். முறத்தில் புடைக்க வேண்டும். பாதி உரிந்திருக்கும், பாதி உரியாமல் நிற்கும். மறுபடி உரல், மறுபடி முறம். மூன்றாம் தரமும் குத்தினால்தான் சோறாக்கலாம். ஓங்கிக் குத்தினால் நொய்யாகிவிடும், மெல்லக் குத்தினால் உமி போகாது. விடியுமுன் எழுந்து இதை முடித்துவிட்டுத்தான் காட்டு வேலைக்குப் போக வேண்டும். ஆண்கள் இந்த வேலையைத் தொட்டதில்லை. நெல் குத்தும் மில்லில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றால், அங்கே இருக்கும் எந்திரம் அரிசியின் அளவுக்குச் செய்தது. சாமை அதில் உமியோடு நழுவிப்போகும், அல்லது மாவாகும்.

மலைக்குச் சாலை வந்தது. சாலையில் லாரி வந்தது. லாரிக்காரர் கிழங்கு கேட்டார். குச்சியை ஊன்று, களை எடு, பத்தாம் மாதம் பிடுங்கிக்கொடு, காசை வாங்கு. குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம். அந்தக் காசில் கடை அரிசி வாங்கலாம். பிறகு ரேஷன் அரிசி மலிந்தது. 2008ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். உரலடியில் நின்ற ஒரு பெண்ணிடம் போய், "அம்மா, உங்கள் பாரம்பரியத்தை விட்டுவிடாதீர்கள்" என்று சொல்ல யாருக்கு யோக்கியதை இருக்கிறது? அவள் உலக்கையைக் கீழே வைத்தது முழு நியாயம். அவளுக்கு ஓர் எந்திரம் செய்துகொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் அநியாயம். ஜவ்வரிசி ஆலைக்கு ஒரு வெங்கடாசலம் கவுண்டர் கிடைத்தார். சாமைக்கு அப்போது யாரும் கிடைக்கவில்லை.

1970களுக்குப் பிறகு மலைச் சரிவுகளில் சாமைக் காடுகள் சுருங்க, கிழங்குக் காடுகள் விரிந்தன. கிழங்கைப் பிடுங்கும்போது சரிவு மண் இளகும், மழையில் கரையும். மண்ணின் சத்தை உரம் போட்டு ஈடுகட்ட வேண்டும், உரத்துக்குக் காசு வேண்டும், காசுக்கு மறுபடி கிழங்கு வேண்டும். சாமைத்தாள் இல்லாமல் மாடு குறைந்தது. மாடு குறைந்ததால் எரு குறைந்தது. தொம்பைகள் பல வீடுகளில் காலியாயின.

1988ல் எம்.எஸ். சுவாமிநாதன் தொடங்கிய ஆராய்ச்சி அறக்கட்டளை, 1990களில் இந்த மலைக்கு வந்தது. பசுமைப் புரட்சியில் நெல்லையும் கோதுமையையும் தூக்கி நிறுத்தியவர், இப்போது சாமையைத் தேடி ஆள் அனுப்பினார். வீடுவீடாக விதை தேடினார்கள். கொஞ்சம் இருந்தது. கிழங்குக்கு நடுவே, வீட்டுத் தேவைக்கென்று ஒரு துண்டு நிலத்தில் சாமை போட்டுவந்த குடும்பங்களிடம் இருந்தது.

2001ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் பணத்தில், ரோம் நகரிலிருந்து நடத்தப்பட்ட ஒரு திட்டம் தொடங்கியது. உலகம் கைவிட்ட பயிர்களை மீட்பது நோக்கம். இந்தியாவில் அந்தத் திட்டத்துக்குத் தேர்ந்த இடங்களில் கொல்லிமலையும் ஒன்று. அதே திட்டத்தில், உலகின் மறுகோடியில், இன்னொரு மலை மக்களின் இன்னொரு தானியமும் இருந்தது. அன்று நம்மில் எவரும் கேள்விப்பட்டிராத பெயர். பத்தே வருஷத்தில் அது உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டப்போகிறது என்று அந்தத் திட்டக்காரர்களுக்கே தெரிந்திருக்குமா?

5

கினோவா. பொலிவியாவின் தெற்கே, கடல்மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கும் மேலே, சலார் தே உயூனி என்னும் உப்புப் பாலைவனத்தைச் சுற்றி அய்மாரா, கெச்சுவா மக்கள் பயிரிட்டுவந்த தானியம். பனியும் உப்பும் வறட்சியும் தாங்கும். அதன் மேல்தோலில் சப்போனின் என்னும் கசப்பு. அந்தக் கசப்பை நீக்க, வறுத்த தானியத்தைக் கல்குழியில் போட்டு, மண் சேர்த்து, பெண்கள் காலால் மிதித்துத் தேய்த்து, பிறகு அலசுவார்கள். நம் மலையில் உலக்கை என்றால் அங்கே பாதம். அங்கேயும் அரிசிபோல் மலிவாக வந்த வெளியூர் மாவும் நூடுல்ஸும் கினோவாவை ஏழைச் சோறு என்று ஒதுக்கிவைத்திருந்தன.

ஆனால் பொலிவியாவில் ஒன்று வேறு மாதிரி நடந்தது. 1983லேயே உழவர்கள் சேர்ந்து அனப்குவி என்ற கூட்டமைப்பை அமைத்துக்கொண்டார்கள். கசப்பு நீக்கும் எந்திரங்கள் அவர்கள் பக்கமும் வந்தன. அரைநாள் மிதித்த வேலை சில நிமிடங்களில் முடிந்தது. வாங்குபவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிடைத்தார்கள். ஐ.நா. 2013ஐ கினோவா ஆண்டாக அறிவித்தது. 2006க்கும் 2013க்கும் இடையே விலை ஏறத்தாழ மூன்று மடங்கானது.

அப்போது உலகப் பத்திரிகைகளில் ஒரு கூக்குரல் எழுந்தது. பணக்கார நாட்டுக்காரர்கள் தின்பதால் விளைவிக்கிறவர்களுக்கே கினோவா கிடைக்கவில்லை, பாவம் என்று. கேட்க உருக்கமாக இருந்தது, ஆனால் பாதிதான் உண்மை. பெரு நாட்டுக் குடும்பங்களின் செலவுக் கணக்கை வைத்து ஆராய்ந்த பொருளியலாளர்கள், விலையேற்றத்தால் கிராமத்தார் வாழ்வு மோசமாகவில்லை, சற்று மேம்படவே செய்தது என்று கண்டார்கள். நகரத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் நிலம் தேடித் திரும்பினார்கள். அவர்கள் வீட்டிலும் தளம் போட்டிருப்பார்கள். சேலத்து உழவன் போட்ட அதே தளம்.

உண்மையான அடி வேறு திசையிலிருந்து விழுந்தது. லாமா மந்தைகள் மேய்ந்த சமவெளியை டிராக்டர் உழுதது. மந்தை குறைந்தது, எரு குறைந்தது, உப்புக்காற்றில் மேல்மண் பறந்தது. அதற்குள் பெரு விழித்துக்கொண்டது. மலையில் ஒருமுறை விளைவதைக் கடற்கரைச் சமவெளியில் பாசனமும் உரமும் போட்டு விளைவித்தார்கள். 2014ல் ஏற்றுமதியில் பெரு பொலிவியாவை முந்தியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விதை முளைத்தது. நம் அனந்தபூரில்கூடச் சோதனை நடந்தது. சரக்கு குவிந்தது. 2015ல் விலை விழுந்தது, விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. ஊர் திரும்பியவர்கள் மறுபடி மூட்டை கட்டினார்கள்.

வாங்கும் ஆசை உலகத்துக்கு வந்தபோது விலை மலைக்கு ஏறியது. விளைவிக்கும் ஆசையும் உலகத்துக்கு வந்தபோது விலை மலையைவிட்டு இறங்கிவிட்டது. இதை எழுதும்போது என் மனம் உயூனியில் இல்லை, கொல்லிமலைச் செம்மேட்டில் இருக்கிறது.

6

ஏனென்றால், அடுத்த முறை நம்முடையது.

கொல்லிமலையில், 2001ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கீழ் கடைசியாக அந்த எந்திரம் வந்தது. சாமையின் அளவுக்குச் செய்த உமி நீக்கும் சின்ன மில். பெரிய ஆலையின் வாசலில் அல்ல, ஊருக்குள், சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில். பெண்கள் அதை ஓட்டக் கற்றார்கள். உலக்கை ஓய்ந்த இடத்தில் சாமைச் சோறு மறுபடி வெந்தது. மிஞ்சியதைச் சுத்தம் செய்து, பொட்டலம் கட்டி, 'கொல்லி ஹில்ஸ் நேச்சுரல் ஃபுட்ஸ்' என்ற பெயரில் கீழே அனுப்பினார்கள். குழுக்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பும் ஆனது. அறுபது வருஷத்துக்குமுன் சேலத்தில் ஆலைக்காரர்கள் செய்ததை இப்போது மலையில் விளைவிப்பவர்களே செய்தார்கள். அளவில் மிகச் சிறியது. ஆனாலும் இந்தத் தொடரில் இதுவரை பார்த்த ஒன்பது வாரத்தில், நடுவில் நிற்கும் எந்திரம் நம் மண்ணில் உழுதவர் கைக்கு வந்த முதல் காட்சி இது. எழுதும்போதே எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2018ஐ இந்தியா தேசியச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. 2021 மார்ச்சில், இந்தியா முன்மொழிய, ஐ.நா. பொதுச்சபை 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கினோவாவுக்குச் சரியாகப் பத்து வருஷம் கழித்து. தமிழக அரசும் சிறுதானிய இயக்கம் தொடங்கியது. சென்னை, கோவைக் கடைகளில் சாமை இட்லி மாவு, சாமைப் பொங்கல் மிக்ஸ், தினை பிஸ்கட். ஒரு தலைமுறை வெட்கப்பட்டு மறைத்த சோறு சர்க்கரை நோய்க்காரர்களின் தட்டில் மரியாதையோடு வந்து உட்கார்ந்தது.

நகரத்து வாடிக்கையாளர் வெள்ளையான சாமை கேட்டார். தவிட்டோடு இருந்தால் சீக்கிரம் காறிப்போகும், அதனால் கடைக்காரரும் அதையே கேட்டார். தவிட்டைத் தீட்டித் தள்ளியபின், எந்தச் சத்துக்காகச் சாமையைத் தேடி வந்தார்களோ அதில் பெரும்பங்கு தீவனத்துக்குப் போனது. பெரிய மில்கள் இந்த வெள்ளையை எளிதில் கொடுத்தன. மலையின் சின்ன மில்லால் அந்தப் பளபளப்பைத் தர முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள சிறுதானிய ஆராய்ச்சி மையம் 2019ல் ஏடிஎல் 1 என்ற உயர் விளைச்சல் சாமை ரகத்தை வெளியிட்டது. அந்த விஞ்ஞானிகளின் உழைப்பு மதிக்கத்தக்கது. சமவெளி உழவனுக்கும் சாமை வேண்டும்தானே. ஆனால் பெருவின் கடற்கரையில் கினோவா முளைத்த கதையைப் படித்துவிட்டு, சமவெளியில் சாமை விரிவதைக் கவலையில்லாமல் பார்க்க என்னால் முடியவில்லை. டிராக்டரும் பெரிய மில்லும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள இடத்தோடு, 70 வளைவு ஏறிப்போக வேண்டிய ஒரு சரிவு விலையில் எப்படிப் போட்டியிடும்? வெள்ளைப்பெருஞ்சாமை என்றும் திருகுலாச்சாமை என்றும் பெயர் சொல்லிக் கேட்க ஆள் இருந்தால் ஒருவேளை முடியும். கடையில் பொட்டலத்தின் மேல் வெறுமனே சாமை என்று மட்டும் இருந்தால்?

மலைக்காரர்களின் கணக்கு அந்த நாட்களில் இப்படித்தான் இருந்தது: சரிவில் பெரும்பாகம் கிழங்கு, ஓரத்தில் கொஞ்சம் சாமை. கிழங்கு காசு தரும். சாமை வயிறு பார்க்கும், முடிந்தால் சில்லறையும் பார்க்கும். இரண்டையும் பிடித்துக்கொண்டு நடக்கலாம் என்று நம்பினார்கள். பாயிண்ட் விலையும் ஓரளவு நின்றது.

2020ல் திருச்சூர்ப் பக்கம் ஒரு மரவள்ளிக் காட்டில் செடிகளின் நுனி திடீரென்று முடிச்சுப்போட்டதுபோல் சுருண்டது. இலையைப் புரட்டிப் பார்த்தால் மாவு தூவியதுபோல் வெள்ளை. விஞ்ஞானிகள் கண்டுகொண்டார்கள். 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளிக் காடுகளை நாடுநாடாக அழித்த அதே பூச்சி. மரவள்ளி பிறந்த தென்னமெரிக்காவிலேயே பிறந்தது. கிழங்கு கடல்கடந்து வந்து முந்நூறு வருஷத்துக்கும் மேல் ஆனபின், அதன் பரம்பரை எதிரி தேடிக்கொண்டு வந்திருந்தது.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்ட அதற்கு அதிக நாள் ஆகவில்லை. சேலத்திலும் நாமக்கல்லிலும் காடுகாடாக நுனி சுருண்டது. ஆலைகளுக்கு வரும் லாரி குறைந்தது. மருந்தடித்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துக்கு உழவர்கள் சுருண்ட குச்சிகளோடு வந்து நின்றபோது, பெங்களூரில் சிலர் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக்கு அவசரமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து விமானத்தில் வரவேண்டியது மருந்தல்ல, உயிருள்ள ஒன்று. அது வந்து சேருமுன் கொல்லிமலைச் சரிவுகளில் யார் எதை விதைக்கப்போகிறார்கள்?

(அடுத்த வாரம்: குளவி வந்த விமானம்)